லோரி யார்டுக்கு பிஜி 76 பிரீமிக்ஸ்: கொடுத்த காசுக்குத் தகுமா?

பிரீமிக்ஸ் என்பது தாரும் கல்லும் சூடாகக் கலந்த தளக் கலவை, பிஜி 76 என்பது அதில் சேர்க்கும், அதிகச் சூடு தாங்கும் தாரின் தரம். காசுக்குத் தகும், ஆனால் கனரக லோரி நிற்கிற, திரும்புகிற இடத்துக்கு மட்டும். வீட்டு முற்றத்துக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் 60/70 என்கிற சாதாரணத் தரத் தாரே போதும், அங்கே இதைப் போடுவது வீண் செலவு.

கோலாலம்பூர் செகாம்புட்டில் எங்கள் யார்டில் முன்பு போட்டதும் 60/70தான். போட்டவர் பெயர் வேண்டாம். கேட் பக்கம் டயர் தடம் வாய்க்கால் மாதிரி இறங்கி, மழை பெய்தால் தண்ணீர் அங்கேயே நின்றது. ஓடுகிற லோரியைவிட நிற்கிற லோரிதான் தளத்தை அதிகம் கெடுக்கும், எடை ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்துகிறது இல்லையா. 60/70 தார் 50 டிகிரி வாக்கில் இளக ஆரம்பித்துவிடும், கோலாலம்பூர் மத்தியான வெயிலில் கறுப்புத் தளம் அதைச் சுலபமாகத் தாண்டும்.

இந்த முறை போட்டது எஸ்பிஎஸ் கலந்த பிஜி 76. எஸ்பிஎஸ் ரப்பர் வகைப் பாலிமர், பெரும்பாலும் 3 முதல் 7 சதவீதம் வரை சேர்ப்பார்கள். சும்மா கொட்டிக் கிண்டினால் கலக்காது, 180 டிகிரி சூட்டில் மில்லில் அரைத்துக் கலக்க வேண்டும். அப்போதுதான் அது தாரில் இருக்கும் இலகுவான எண்ணெயைக் குடித்து உப்பி உள்ளே வலை பின்னிக்கொள்ளும். மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) ஒரு டப்பாவில் ஆறியிருந்த தாரைக் குச்சியால் இழுத்துக் காட்டினார். நூலாக நீண்டது, விட்டதும் சுருங்கிப் பின்னால் போனது. சாதாரணத் தார் இழுத்தபடியே தொங்கும்.

கேட் பக்கம் இதுவரை தடம் விழவில்லை. அதில் பாதிப் பெருமை அடியில் போட்ட க்ரஷர் ரன் என்னும் உடைகல் கலவைக்குத்தான், பழைய மெத்து மண்ணை வெட்டி எடுக்காமல் மேலே எந்தப் பாலிமரைப் போட்டாலும் உட்காரத்தான் செய்யும்.

குறைகளும் உண்டு. கலவை ஆறினால் ரோலர் எவ்வளவு ஓடினாலும் சரியாக இறுகாது. இரண்டாவது லோரி ஜேமில் மாட்டித் தாமதமாக வந்ததால் இணைப்பு ஓரம் சொரசொரவென்று கல் பெயர்கிறது. அது ஆட்களின் தப்பு, சரக்கின் தப்பில்லை. டீசல் சொட்டுகிற இடம் இதிலும் இளகுகிறது. கழற்றி நிறுத்தும் டிரெய்லரின் காலுக்கு அடியில் இரும்புத் தகடு வைக்காவிட்டால் பள்ளம் விழும்.

மங்கில், அதாவது மரத்தில் கட்டும் கோப்பையில், உறைந்த ரப்பர் கட்டிப்பாலைத் தாரில் கலக்கும் முறையை மலேசிய ரப்பர் வாரியம் கொண்டுவந்து, இங்கே சில சாலைகளிலும் போட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை நான், ஆசையாகத்தான் கேட்டேன், எங்கள் அளவு சின்ன வேலைக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் ஒன்று: போட்ட பிறகு பிஜி 76ம் 60/70ம் பார்வைக்கு ஒரே கறுப்புதான். லோரி கொட்டுவதற்கு முன்னாலேயே டி.ஓ. சீட்டை, அதாவது சரக்கோடு வரும் டெலிவரி ஆர்டரை, வாங்கிப் பாருங்கள்.