பின்பால் மெஷின் ரிப்பேர்: "போர்டு போயிடுச்சு" என்றால் உடனே நம்பாதீர்கள்

எங்கள் வீட்டில் பழைய பின்பால் மெஷின் ஒன்று இருக்கிறது. சாய்ந்த பலகையில் உருண்டுவரும் இரும்புப் பந்தை, பட்டன் அழுத்தி மட்டையால் அடித்து ஸ்கோர் ஏற்றும் விளையாட்டு அது. 1980-ஐ ஒட்டி அமெரிக்காவில் வில்லியம்ஸ் கம்பெனி செய்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பா, சிதம்பரம் கப்பல் நாகப்பட்டினத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்த காலத்தில் கொண்டுவந்து இறக்கினார். வெளிப்பாளையத்தில் அவர் கடையில் காசு போட்டு ஆடிய பையன்கள் இன்றைக்குத் தாத்தா ஆகிவிட்டார்கள். அவர் போன பிறகு மெஷின் எங்கள் முன்னறைக்கு வந்தது.

போன சித்திரையில் இடது ஃபிளிப்பர், அதாவது பந்தை அடிக்கும் மட்டை, சோர்ந்துபோனது. பட்டனை அழுத்தினால் மட்டை எழும், பந்து பாதி தூரம் ஏறித் திரும்பிவிடும். வலது ஃபிளிப்பர் எப்போதும்போல் படீரென்று அடித்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்தவர் சொல்லி, வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். பழைய வீடியோ கேம் எல்லாம் பார்ப்பவராம். வந்தவர் ஆட்டப்பலகையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. பின்பெட்டியைத் திறந்து அங்கிருக்கும் எலக்ட்ரானிக் போர்டைக் காட்டி, "போர்டு போயிடுச்சு சார், சென்னைக்குத்தான் கொண்டுபோகணும்" என்றார். முன்பணம் 5,000 ரூபாய். மூன்று வாரம் கழித்து போர்டோடு வந்தார், இடது மட்டையை இழுக்கும் கம்பிச்சுருளான காயிலையும் மாற்றினார், இன்னும் 14,500 வாங்கினார். ரசீது தரவில்லை. பழைய காயிலைக் கேட்டதற்கு, "எரிஞ்ச சாமான் சார், உங்களுக்கு எதுக்கு" என்று பையில் போட்டுக்கொண்டார். ஃபிளிப்பர் அன்றைக்கு நன்றாக அடித்ததால் நானும் விட்டுவிட்டேன்.

பதினோராம் நாள், மயிலாடுதுறையிலிருந்து தங்கை பிள்ளைகள் லீவுக்கு வந்திருந்தார்கள். சின்னவனுக்குப் பந்தை மட்டையில் நிறுத்திக் குறிபார்க்கிற பழக்கம். பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டே, "மாமா, ஏதோ கருகுது" என்றான். நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குவதற்குள் பலகை இடுக்கிலிருந்து புகை வந்துவிட்டது. பெட்டி முழுக்க நாற்பது வருஷம் காய்ந்த மரம். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

திருவாரூரில் மோட்டார் காயில் கட்டும் அண்ணன் ஒருவரை அழைத்துவந்தேன். பம்புசெட் மோட்டார்தான் அவர் தொழில். பின்பாலை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தார். பலகையை நிமிர்த்திப் பத்து நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "புல்லட் வண்டி பாயிண்ட் மாதிரிதானே தம்பி இது" என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரி. ஃபிளிப்பர் காயிலில் இரண்டு சுற்று உண்டு. தடித்த கம்பிச் சுற்று மட்டையை ஓங்கி அடிக்க, மெல்லிய கம்பிச் சுற்று அதை மேலேயே பிடித்துவைக்க. மட்டை உச்சிக்குப் போனதும் எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக் சுவிட்ச் என்கிற சின்னத் தகடுகளின் பாயிண்ட், அதாவது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் முனைகள், விலகும். அது விலகினால்தான் கரண்ட் மெல்லிய சுற்றையும் தாண்டிப் போக வேண்டிவந்து குறையும். பாயிண்டில் கருப்புப் படிந்தால் அடிக்கிற வேகம் போய்விடும். பாயிண்ட் விலகாமலே இருந்தால் முழு கரண்டும் தடித்த சுற்றில் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் வெந்துவிடும்.

எங்கள் மெஷினில் முதலில் வந்த அந்த வெளியூர் ஆள் இரண்டு தகட்டையும் ஒரு கம்பியால் சேர்த்து சால்டர் வைத்திருந்தார். உடனே வேகமாக அடித்தது அதனால்தான். ஃபியூஸ் போகுமே என்று அதையும் செப்புக் கம்பி சுற்றி அடைத்திருந்தார். சென்னைக்குப் போய்வந்த போர்டில் ஒரு புது சால்டர்கூட இல்லை, பழைய தூசு அப்படியே ஒட்டியிருந்தது. மற்ற சின்ன சுவிட்சுகளை எமரித் தாளால் தேய்த்து, தங்க முலாமையும் எடுத்துவிட்டார்.

ஃபிளிப்பரின் தடித்த டங்ஸ்டன் பாயிண்டை மெல்லிய அரத்தால் தேய்க்கலாம். ஸ்கோர் ஏற்றும் சுவிட்சுகளின் முலாம் பூசிய பாயிண்டில் அரம் படவே கூடாது. நடுவில் விசிட்டிங் கார்டை வைத்து இழுத்தாலே அழுக்கு போய்விடும். உப்புக்காற்று அடிக்கிற நம் ஊரில் முலாம் போன பாயிண்ட் எத்தனை நாள் தாங்கும்?

எங்கள் மெஷின் செய்த காலத்து மெஷின்களில் இரண்டு ஃபிளிப்பரும் ஒரே ரிலேயை (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) நம்பித்தான் ஓடுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் செத்தால் ஃபியூஸ், ரிலே, போர்டு என்று பாருங்கள். ஒன்று மட்டும் சோர்ந்தால் முதலில் அதன் எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக் சுவிட்ச், அடுத்து பட்டன் சுவிட்ச். ரிலேயில் ஒரு பக்கப் பாயிண்ட் கெடவும் வாய்ப்புண்டு, ஆனால் அது பிறகு. அடித்துவிட்டு மேலே நிற்காமல் கீழே விழுந்தால் மெல்லிய சுற்று அறுந்திருக்கும், பெரும்பாலும் சால்டர் முனையிலேயே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மட்டையைக் கையால் உச்சிவரை தள்ளுங்கள். பாயிண்ட் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலக வேண்டும். வந்தவர் இதைப் பார்க்காமலே போர்டைக் கழற்றினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எந்தச் சாமான் மாற்றினாலும் பழையதை வாங்கி வையுங்கள்.

அந்த ஆள் இப்போது போனை எடுப்பதில்லை. பணம் ஜிபேயில் அனுப்பியதால் அதற்குச் சாட்சி இருக்கிறது. 1915 எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

அசல் காயில் திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. நல்லவேளை, வலது காயிலின் மேல் ஒட்டிய தாள் இன்னும் படிக்கும்படி இருக்கிறது: 23 கேஜ் தடிமன் கம்பியில் 600 சுற்று, அதைவிட மெல்லிய 30 கேஜ் கம்பியில் 2600 சுற்று. திருவாரூர் அண்ணன் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். நடவு முடிந்து பம்புசெட் வேலை குறைந்ததும் கட்டித் தருகிறேன் என்றிருக்கிறார்.