இன்டிசைனில் ஒலியும் காணொளியும்: ஒரு வண்ணாரப்பேட்டை டிடிபி மேசையிலிருந்து

பழைய வண்ணாரப்பேட்டையில் திருமணப் பத்திரிகை, கோயில் விழா நோட்டீஸ், நினைவு மலர் என்று அச்சு வேலைகளையே செய்து பழகிய எனக்கு, பேசும் பக்கங்களை வடிவமைக்கும் வாய்ப்பு சென்ற ஆண்டுதான் வந்தது. காசிமேட்டு மீனவர் வாழ்க்கையையும் 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தையும் பற்றி எங்கள் பகுதிச் சங்கத்தினர் மின்மலர் ஒன்றைத் தயாரித்தார்கள். அதில் விடியற்காலை மீன் ஏலத்தின் காணொளியும், ஏலம் கூறுபவரின் குரலும் கட்டுரையோடு சேர்ந்தே வர வேண்டும் என்று கேட்டார்கள். அந்த வேலைக்காக, பக்க வடிவமைப்பு மென்பொருளான அடோபி இன்டிசைனில் ஒலி, காணொளிகளைக் கையாளும் மீடியா பேனலோடு பல நாட்கள் பழகியதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

கோப்பை உள்ளே கொண்டுவருவதில் சிரமம் எதுவும் இல்லை. புகைப்படம் வைப்பதற்கு அழுத்தும் அதே கன்ட்ரோல்-டி போதும். ஒலிக்கு எம்பி3, காணொளிக்கு எச்.264 முறையில் சுருக்கிய எம்பி4 என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை வராது. செல்பேசியில் எடுத்த காணொளி வேறு வடிவில் இருந்தால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம். ஃப்ளாஷ் காணொளிகளான பழைய எஃப்எல்வி கோப்புகள் இனி உதவாது. ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் நின்றுவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது போஸ்டர் வசதி; காணொளி ஓடத் தொடங்கும் முன் பக்கத்தில் தெரியும் படம்தான் போஸ்டர். எங்கள் ஏலக் காணொளி இருட்டில் தொடங்குவதால், பக்கத்தில் வைத்தவுடன் கட்டுரைக்கு நடுவே ஒரு கறுப்புக் கட்டம்தான் தெரிந்தது. மீடியா பேனலில் காணொளியை நகர்த்தி, விளக்கொளியில் வஞ்சிரம் பளபளக்கும் நொடியில் நிறுத்தி, அந்தக் காட்சியையே போஸ்டராக அமைத்தேன். பக்கத்துக்கு உடனே உயிர் வந்துவிட்டது. காணொளிக்குள் இடங்களைக் குறித்து வைத்து, படகு வருவது, மீன் தரம் பிரிப்பது, ஏலம் தொடங்குவது என்று மூன்று பட்டன்களில் அந்தந்த இடத்துக்கே வாசகரைக் கொண்டுபோகவும் முடிந்தது. குரல் பதிவுக்கு, பக்கம் திரும்பியதும் ஒலி நிற்கும்படியான தேர்வைத் தவறாமல் குறியிட்டுவிட வேண்டும். இல்லையென்றால் ரயில் நிலையக் கட்டுரையைப் படிப்பவருக்கும் மீன் விலை கேட்டுக்கொண்டே இருக்கும்.

சிக்கல் எல்லாம் வெளியே அனுப்பும்போதுதான். ஒலியும் காணொளியும் இயங்கக்கூடிய இன்டராக்டிவ் பிடிஎஃப்பாக எடுத்த மலர் என் கணினியில், அக்ரோபாட் ரீடரில், அழகாக ஓடியது. அதை வாட்ஸ்அப்பில் பெற்ற சங்கத்துப் பெரியவர் மறுநாள் கடைக்கே வந்து, "இன்னா தம்பி, மீனு அப்படியே நிக்குது, சத்தமே காணோமே" என்றார். அவர் செல்பேசியில் இருந்த பிடிஎஃப் செயலி போஸ்டரை மட்டும் காட்டியது. கணினியிலேயேகூட பிரவுசருக்குள் திறந்தால் பெரும்பாலும் இதே நிலைதான். காணொளி பிடிஎஃப்புக்குள்ளேயே பதிவாவதால் அளவும் ஏறும்: 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பிதான்; 2 எம்பிபிஎஸ் காணொளியோ நிமிடத்துக்குச் சுமார் 15 எம்பி.

ஆகவே பிடிஎஃப்பை மேசைக் கணினி வாசகருக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டு, 2015-இல் அறிமுகமான பப்ளிஷ் ஆன்லைன் வசதிக்கு மாறினேன். மலர் அடோபியின் சர்வரில் ஏறி ஓர் இணைப்பு கிடைக்கிறது. செல்பேசி பிரவுசரிலேயே பக்கமும் திரும்புகிறது, காணொளியும் ஓடுகிறது. இணையம் இல்லாத இடத்தில் இது பயன்படாது என்பது உண்மையான குறை. பக்க அமைப்பை மாற்றாத ஃபிக்ஸ்டு லேஅவுட் இபப் என்ற மின்னூல் வடிவிலும் ஒலி, ஒளி வரும் என்றாலும், அதைத் திறக்கப் பொருத்தமான செயலி வேண்டும் என்பதால் எங்கள் வாசகர்களுக்கு அதைத் தரவில்லை.

தமிழில் செய்பவர்கள் பத்தி அமைப்பில், இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் யுனிகோடு எழுத்துகளில் கொம்புகள் இடம் மாறி நிற்கும். காணொளிக் கோப்பு இன்டிசைன் ஆவணத்தோடு இணைக்கப்படுகிறதே தவிர உள்ளே சேமிக்கப்படுவதில்லை என்பதால், வேலையை வேறு கணினிக்குக் கொண்டுபோகும்போது பேக்கேஜ் செய்தே, அதாவது ஆவணத்தையும் இணைத்த கோப்புகளையும் ஒரே கோப்புறையில் சேர்த்தே, கொண்டுபோக வேண்டும்.

அச்சு வேலை மட்டும் செய்யும் சிறிய கடைக்கு, இந்த வசதிக்காகவே மாதச் சந்தா கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே இன்டிசைன் வைத்திருப்பவர்கள் தயங்காமல் இறங்கலாம். எங்கள் மலரின் தாள் பிரதியிலும், இன்டிசைனிலேயே உருவாக்கிய க்யூஆர் குறியீடு ஒன்றை அந்த வஞ்சிரம் படத்தின் கீழே அச்சிட்டிருக்கிறோம். செல்பேசியைக் காட்டினால் மலரின் இணையப் பதிப்பு திறந்து, ஏலக் குரலைக் கேட்க முடிகிறது.