இனிஷியல் மாற்றித் தருவதாக 18,500 ரூபாய் பறித்துவிட்டார்கள், நீலகிரிக்காரர்கள் கவனமாக இருங்கள்

கை நடுங்கத்தான் எழுதுகிறேன். 18,500 ரூபாய் போய்விட்டது. அதில் பாதிக்கு மேல் அம்மா கொழுந்து பறித்து வாங்கிய தீபாவளி போனஸ்.

எனக்கு 27 வயது. நாலு வயதிலிருந்து என்னைத் தோளில் போட்டு வளர்த்தவர் அம்மாவின் இரண்டாவது கணவர். எனக்கு அப்பா என்றால் அவர்தான். பெற்றவரின் 'மு.' போய் இவருடைய 'ரா.' வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

குன்னூரில் ஓர் ஆன்லைன் சேவைக் கடை. விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் டீ வரவழைத்தார். அப்பாவைப் பார்த்து, "பெத்தாத்தான் பிள்ளைங்களாய்யா?" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தோம்! "2022ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு தம்பி. தத்து ஆர்டர் வாங்கி, பிறப்புச் சான்றிதழ்லயே அப்பா பேரை மாத்திடலாம்" என்றார். அன்றே 10,000 கொடுத்தோம். வக்கீல் பீஸ் என்று அடுத்த வாரம் 8,500.

அப்புறம் நாலு மாதம் அலைந்தோம். சர்வர் வேலை செய்யவில்லை. வக்கீல் கோயம்புத்தூர் போயிருக்கிறார். மழையில் மரம் விழுந்து தபால் வரவில்லை. கடைசியில் போனையே எடுக்கவில்லை. நேரில் போய் நின்றால், "உங்களுக்கு மட்டுமா வேலை பாக்குறேன்?" என்று என் அப்பா முன்னாலேயே கத்தினார். கையில் கொடுத்தது 20 ரூபாய் பத்திரத்தில் நோட்டரி முத்திரை போட்ட ஒரு அபிடவிட். அதை எடுத்துக்கொண்டு ஆதாரில் திருத்தப் போனால், அரசிதழ் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதற்கா 18,500?

பிறகுதான் ஊட்டி கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரித்தேன். 1956 இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, வழக்காறு இருந்தால் தவிர, 15 வயது முடிந்தவரைத் தத்தெடுக்க முடியாது. அந்த 2022 தீர்ப்பு குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் தாயின் உரிமை பற்றியது. என் போன்ற வயது வந்தவருக்குக் கோர்ட்டே தேவையில்லை. எழுதுபொருள் அச்சுத் துறையின் படிவத்தை நாமே நிரப்பி அரசிதழில் வெளியிடலாம். அதற்கு ஆயிரக்கணக்கில் ஆகாது. ஆனால் இதனால் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் மாறாது. வளர்த்தவருக்குச் சட்டப்படி வாரிசாகவும் ஆகமாட்டோம். சொத்து கொடுக்க நினைத்தால் அவர் உயில் எழுதி வைக்கலாம்.

விவரமாக எழுத நினைத்தேன், மனசு வரவில்லை. ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். வயது வந்தவருக்கு 'தத்து ஆர்டர்' என்றாலே எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் சட்ட உதவி எண் 15100க்குப் போன் போடுங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவராதீர்கள். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் டிசியும் இன்னும் அந்தக் கடை மேசை டிராயரில்தான் கிடக்கின்றன.