ஹீட்டர் கோர்: அலுமினியமா, செம்பு-பித்தளையா?

காருக்குள் இனிப்பு வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம், கால்மிதியில் ஈரம் என்றால் ஹீட்டர் கோர் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாக உள்ளே ஓடி, காருக்குள் வெப்பம் தரும் சிறு ரேடியேட்டர்) ஒழுகுகிறது. செம்பு-பித்தளை கோர் கனம், விலையும் கூடுதல். ஆனால் ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைக்கலாம். அலுமினியம் இலேசு, மலிவு. ஒழுகினால் பெரும்பாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். பல கார்களில் இதற்காக டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். கூலிதான் பெரிய செலவு, கோரில் மிச்சம் பிடிப்பது வீண். பழைய வண்டியில் முதலில் செம்பு இருந்திருந்தால் நான் அதையே போடுவேன்.

அரிப்பு இரண்டுக்கும் உண்டு. கூலன்ட் பழசானால் அதிலுள்ள அரிப்புத் தடுப்பான் தீர்ந்துவிடும்; அலுமினியத்தில் ஊசிமுனை ஓட்டைகள் விழும், செம்பில் ஈயப்பற்று அரிக்கும். குழாய்த் தண்ணீர் கலக்காதீர்கள், காய்ச்சி வடித்த நீர்தான் சரி. அப்புறம், மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில், மறுமுனையை ஆறிய கூலன்ட்டில் வையுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் கூலன்ட்டில் மின்சாரம் கசிந்தும் கோர் அரிக்கலாம், எர்த் வயர்களையும் பார்க்க வேண்டும்.