உள்ளூர் டெபாசிட்டா, பங்குச் சந்தையா? சரிவு வந்தால் எது தாங்கும்?

சந்தை சரியும்போதெல்லாம் "பேசாமல் எஃப்.டி.யிலேயே போட்டிருக்கலாம்" என்ற புலம்பல் கிளம்பும். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க லட்சுமி விலாஸ் வங்கியின் கதை போதும்.

1926இல் கரூரில் தொடங்கிய வங்கி அது. 2020 நவம்பர் 17 அன்று மத்திய அரசு அதன் செயல்பாட்டை முடக்கியது; ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றது. பத்தே நாளில் டிபிஎஸ் இந்தியா வங்கியோடு இணைத்துவிட்டார்கள். டெபாசிட் போட்டவர்களின் அசலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. ஊர் வங்கி என்ற பாசத்தில் பங்கு வாங்கியவர்களுக்கு? பூஜ்யம்.

சரி, சந்தையே சரிந்தால்? அது வேறு கதை. 2020 மார்ச் 23 அன்று மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 26,000-க்குக் கீழே போனது. ஜனவரியில் அது 42,000-ஐத் தொட்டிருந்தது. பழைய உயரத்துக்குத் திரும்பியது எப்போது தெரியுமா? லட்சுமி விலாஸ் பங்கு செல்லாக்காசான அதே நவம்பரில்! மொத்தச் சந்தையை வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டுக்கும் ஒற்றைப் பங்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஆனால் எல்லாச் சரிவும் எட்டு மாதத்தில் மீளாது. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்டுவிட்டு இறங்கிய சென்செக்ஸ், மறுபடி அங்கே வர 2010 நவம்பர் ஆனது. உச்சத்தில் வாங்கி, அதற்குள் மகள் கல்யாணம் வந்தவர் நஷ்டத்தில்தான் விற்றிருப்பார்.

அதனால் மூன்று நான்கு வருடத்துக்குள் தேவைப்படும் பணத்துக்கு எஃப்.டி.தான், யோசிக்கவே வேண்டாம். ஏழெட்டு வருடம் தொடாமல் விடக்கூடிய பணத்துக்கு இண்டெக்ஸ் ஃபண்ட். அதையும் எஃப்.டி.யில் போட்டால், வட்டிக்கு வருமான வரி போக மிச்சம் விலைவாசிக்கே சரியாகிவிடும்.

எஃப்.டி. எங்கே போடுவது? கும்பகோணத்து சிட்டி யூனியன், கரூர் வைஸ்யா, தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல், அரசு வங்கிகள், நகரக் கூட்டுறவு வங்கிகள் எல்லாவற்றுக்கும், வங்கி முடங்கினால் கைகொடுக்கும் டெபாசிட் காப்பீடு ஒன்றுதான்: ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம். ஆறு கிளையில் பிரித்துப் போட்டாலும் அதேதான். பலர் கோட்டைவிடுவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில். நம்ம 'சொசைட்டி'க்கு இந்தக் காப்பீடு கிடையாது. நகைக்கடனுக்குத் தாராளமாகப் போகலாம். ஓய்வூதியப் பணத்தை மொத்தமாக அங்கே வைக்க நான் சொல்ல மாட்டேன்.

அஞ்சலகத்துக்கு மத்திய அரசே பொறுப்பு, காப்பீட்டு உச்சவரம்புக் கவலை இல்லை. அறுபது தாண்டியவர்கள் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். வங்கிதான் வசதி என்பவர்கள் ஒவ்வொன்றிலும் நாலரை லட்சத்தோடு நிறுத்திக்கொண்டால், வட்டியும் காப்பீட்டுக்குள் வர இடம் இருக்கும்.