கண்காட்சிப் பரிசாக மஞ்சப்பையும் விதைப் பேனாவும்

கோவை கொடிசியா வளாகத்தில் நடந்த தொழிற்கண்காட்சியில், எங்கள் பம்ப்செட் அரங்குக்கு வருவோருக்கு வழக்கமாகத் தரும் பிளாஸ்டிக் சாவிக்கொத்துகளுக்குப் பதிலாக, உள்ளூர்த் தயாரிப்பாளர் ஒருவரிடம் 300 மஞ்சப்பைகளும் அதே எண்ணிக்கையில் விதைப் பேனாக்களும் (எழுதித் தீர்ந்ததும் மண்ணில் ஊன்றுவதற்காக விதை வைத்த பேனாக்கள்) வாங்கினோம்.

பையில் குறையொன்றும் இல்லை. தடித்த காடாத் துணி. கைப்பிடி சேரும் இடத்தில் குறுக்குத் தையல் போட்டிருப்பதால் ஐந்து கிலோ அரிசியைத் தாராளமாகத் தாங்குகிறது. இதைவிட மலிவாக 'நான்-வோவன்' பை தருவதாகவும் சொன்னார்கள். பார்வைக்குத் துணிபோல இருந்தாலும் அது பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கே என்பதால் மறுத்துவிட்டோம். பருத்தி விளைவிக்க நீர் ஏராளமாகச் செலவாவதால், பலமுறை பயன்படுத்தினால்தான் துணிப்பைக்கும் பொருளுண்டு. ஆகவே நிறுவனப் பெயரை ஒரு மூலையில் சிறிதாகவே அச்சிடச் செய்தோம்; விளம்பரப் பலகை போன்ற பையை யார் சந்தைக்கு எடுத்துச் செல்வார்கள்? ஒருகாலத்தில் பட்டிக்காட்டான் அடையாளமென்று கேலி செய்யப்பட்ட பை, 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, கேட்டு வாங்கும் பொருளாகியிருக்கிறது.

பேனாதான் ஏமாற்றம். உடல் காகிதம், உள்ளே ரீஃபில் வழக்கமான பிளாஸ்டிக். நுனியிலிருந்த தக்காளி விதைகளைப் பத்துப் பேனாக்களிலிருந்து எடுத்து ஊன்றியதில் மூன்றில் மட்டுமே முளை வந்தது. விதை எப்போது அடைக்கப்பட்டது என்ற குறிப்பும் இல்லை. போதாக்குறைக்கு, ஒவ்வொரு பேனாவும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் வந்தது. முந்தைய இரவு நாங்கள் மூவர் உட்கார்ந்து முந்நூறு உறைகளைக் கழற்றினோம். அடுத்த கண்காட்சிக்குப் பை மட்டும் சொல்லியிருக்கிறோம்.