இடது பக்கம் இழுத்த லாங்-ஈஸி: சரி செய்து கொடுத்த சின்ன ஒர்க்‌ஷாப்

கலிபோர்னியாவில் ஒரு சின்ன ஏர்போர்ட்டில், கடைசி ஹேங்கரில் இருக்கிற ஃபைபர்கிளாஸ் ரிப்பேர் கடை இது. என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய லாங்-ஈஸி, வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் வகைச் சின்ன விமானம். விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் வரைந்த பிளானை வைத்து யாரோ ஒருவர் வீட்டு காராஜில் ஃபோமை வெட்டி, ஃபைபர்கிளாஸும் எபாக்ஸியும் போர்த்திக் கட்டியது. கட்டியவர் நான் இல்லை என்பதால் வருடாந்திர இன்ஸ்பெக்‌ஷனில் நானே கையெழுத்துப் போட முடியாது, லைசென்ஸ் உள்ள மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

போன வருடம் வேறொரு இடத்தில் புது பெயின்ட் அடித்தேன். அதற்கப்புறம் விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தால் போதும், இடது இறக்கை மெல்லத் தாழும். முதலில் பார்த்த மெக்கானிக் பத்தே நிமிடத்தில் வலது எய்லரானின் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்னால் அசையும் பலகை) பின் விளிம்பில், அதைக் கொஞ்சம் தள்ளிவைக்க ட்ரிம் டேப் என்ற சின்னத் துண்டை ஒட்டி அனுப்பிவிட்டார். நேராகத்தான் பறந்தது, ஆனால் அது ஒரு கோணலை மறைக்க இன்னொரு கோணல், அவ்வளவுதான்.

இந்தக் கடையில் முதல் நாள் எதையும் ஒட்டவில்லை, அளந்தார்கள். பின் விளிம்பில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, பின்னால் டார்ச் அடித்துக் காட்டியபோதுதான் இடது எய்லரானின் அடிப்பக்கம், பெயின்டுக்கு முன் பூசும் ஃபில்லர் பசை வரப்பு மாதிரி தடித்திருந்தது தெரிந்தது. காற்று அதில் முட்டி எய்லரானை மேலே தள்ளுகிறது, அதனால்தான் அந்தப் பக்கம் தாழ்கிறது. அந்த வரப்பின் மேல் பென்சிலால் கிறுக்கிவிட்டு, நீளமான கட்டையில் உப்புத்தாள் சுற்றி, கிறுக்கல் சீராக அழியும் வரை தேய்த்தார்கள். நாணயத்தால் தட்டிப் பார்த்து, உள்ளே ஃபோமிலிருந்து ஃபைபர்கிளாஸ் எங்கும் பிரிந்து வரவில்லை என்றும் உறுதி செய்தார்கள்.

எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது அடுத்த விஷயம். எய்லரான், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் எல்லாவற்றையும் கழற்றி, ஹிஞ்சில் தொங்கவிட்டு பேலன்ஸ் பார்த்தார்கள், எலிவேட்டர் இரண்டுமே பின்பக்கம் கனத்துத் தொங்கின! ஹிஞ்சுக்குப் பின்னால் தூரம் அதிகம், முன்னால் ஈயம் உட்காரும் இடமோ ரொம்பக் கிட்ட, அதனால் பின்னால் ஏறிய கொஞ்சூண்டு பெயின்டுக்கு முன்னால் பல மடங்கு ஈயம் தேவை. இதை விட்டால் வேகத்தில் ஃபிளட்டர், அதாவது கட்டுக்கடங்காத படபடப்பு வந்து பாகமே பிய்ந்து போகலாம். எனக்குப் பெயின்ட் அடித்தவர்கள் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. அந்த டேப்பும் எய்லரானில் அதே தப்பைத்தான் செய்திருந்தது, பின்பக்கத்தில் கூடுதல் எடை. அதைப் பிய்த்துப் போட்டார்கள்.

மழையில் பறந்தால் விமானத்தின் மூக்கு இறங்குகிறதே என்று கேட்டேன். மூக்கருகே இருக்கும் சின்ன இறக்கைதான் கனார்ட், அதில் ஜி.யு. என்ற பழைய வகையின் பிறவிக் குணம் அது, ஜான் ரான்ஸ் என்பவர் வடிவமைத்த ஏர்ஃபாயிலில் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்) புதுக் கனார்ட் கட்டினால்தான் போகும், பறக்கும்போது ட்ரிம் பண்ணி மூக்கை நேராக்கிச் சமாளிக்கத் தெரிந்தால் அவசரமில்லை என்றார்கள். பெரிய வேலையாகத் தலையில் கட்டியிருக்கலாம், செய்யவில்லை.

குறை: போனை எடுக்கவே மாட்டார்கள். நான்கு நாள் என்றது மூன்று வாரம் ஆனது. பில்லில் இருக்கிற கையெழுத்தைப் படிக்க மருந்துக் கடைக்காரர்தான் வர வேண்டும். போகிறவர்கள் பிளான் புத்தகத்தையும் கூடவே கொண்டு போங்கள், முதலில் கேட்பது அதைத்தான்.